முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் ஓடிய பெட்டி

பெட்டியை அணைக்க வேண்டாம் என்று பாண்டிமீனா மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணே, ஓட ஓடவே பொட்டு வச்சிருவோம்ணே. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"ஓடுற மாட்டுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களாத்தா? நிப்பாட்டித்தானே வைக்கணும்" என்றார் அழகுபாண்டி. "வருசம் பூராம் உழைக்குது. ஒரு மணி நேரம் அதுவும் கண்ணசரட்டுமே."

அன்று ஆயுத பூஜை. காளவாசலில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருந்தது 'அழகு நெட்' அலுவலகம். அழகுபாண்டி ஒரு காலத்தில் கேபிள் டிவி நடத்தியவர். டிவி போய் இன்டர்நெட் வந்ததும் அதே கம்பங்களில் கண்ணாடி இழை ஒயரை இழுத்து, காளவாசல் பக்கம் எண்ணூறு வீடு, ஒத்தக்கடைப் பக்கம் ஐந்நூறு வீடு, சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியில் முந்நூறு வீடு என்று இணைப்புக் கொடுத்திருந்தார். அந்த அத்தனை வீட்டுப் போக்குவரத்தையும் எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரித்துவிடுவது இரண்டே பெட்டிகள். ஒன்று இங்கே, இன்னொன்று ஒத்தக்கடைக் கிளையில். பெட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய கம்ப்யூட்டர்தான். அதில் லினக்ஸ் போட்டு, அதன் மேல் எஃப்.ஆர்.ஆர். என்ற இலவச மென்பொருளைப் போட்டு, காசு கொடுத்து வாங்கும் ரௌட்டர் செய்கிற வேலையை அதைச் செய்ய வைத்திருந்தாள் பாண்டிமீனா.

இருபத்தொன்பது வயது அவளுக்கு. ஒத்தக்கடைக்கு உள்ளே தள்ளி ஒரு காலனியில் வீடு. அப்பா கண்ணுச்சாமியும் அம்மா சோணையம்மாளும் அடுத்தவர் வயலில் நடவு நட்டும் கதிர் அறுத்தும் அவளைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தார்கள். ஒரு கல்லூரி கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை அப்பா பழைய சாமான் கடையில் பேசி வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதில் வேறு எதுவும் ஓடவில்லை, லினக்ஸ்தான் ஓடியது. அதனால் அவள் லினக்ஸ் படித்தாள். அவ்வளவுதான் காரணம். இங்கிலீஷில் இருந்த கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். புரியாததைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதினாள், புரிந்ததும் பக்கத்தில் டிக் அடித்தாள். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. இப்போது ஓடுவது ஆறாவது நோட்டு.

காளவாசல் பெட்டியின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். தினமும் வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டுவதற்கு முன்பே நேற்றைய எண்ணை அடித்துவிட்டு இன்றைய எண்ணை எழுதுவாள். பெட்டி அணையாமல் ஓடிய நாள் கணக்கு அது. போன ஆயுத பூஜைக்கு அணைத்ததுதான் கடைசி. அன்று காலை அவள் எழுதிய எண் 355.

"இதை அணைச்சா மறுபடி ஒண்ணுல இருந்து எழுதணும்ணே" என்றாள்.

"எழுது. கை என்ன தேஞ்சா போகும்?"

பத்து மணிக்கு அணைத்தார்கள். வரவேற்பு மேசையில் போன் எடுக்கும் சத்யப்ரியா பெட்டியைத் துடைத்தாள். அழகுபாண்டி சந்தனம் பூசினார், காற்றுப் போகும் ஓட்டையில் பட்டுவிடுமோ என்று பாண்டிமீனா பதறியதால் ஓரமாகப் பூசினார். லைன்மேன் சங்கிலி தன் ஃபைபர் ஒட்டும் மெஷினைக் குழந்தையைப் படுக்க வைப்பது போலப் பெட்டி பக்கத்தில் வைத்தார். ஏணி, ஒயர் முனையை அழுத்தும் கிரிம்பர், பைக் சாவி எல்லாம் வரிசையில் சேர்ந்தன. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டார்கள். பத்தே முக்காலுக்குப் பெட்டி மறுபடி ஓடியது. விளக்குகள் பச்சையாக மினுங்கின. சங்கிலி மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பிள்ளைக காத்திருக்கும், நான் வாரேன்ணே" என்று படி இறங்கினார்.

அவர் கீழே பைக்கை உதைப்பதற்குள் போன் அடித்தது.

கீழக்குயில்குடி. நெட் இல்லை. சத்யப்ரியா போனை வைத்ததும் மறுபடி அடித்தது. அதுவும் கீழக்குயில்குடி. பதினொன்றேகால் மணிக்குள் நாற்பது போன். எல்லாம் ஒரே ஊர். காளவாசலில் ஒருவருக்கும் பிரச்சினை இல்லை, ஒத்தக்கடையிலும் இல்லை.

அழகுபாண்டி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். "டேய் சங்கிலி! மேல வா!"

அவர் அப்படிக் கத்தியதற்குக் காரணம் இருந்தது. நான்கு நாளைக்கு முன்னால் கீழக்குயில்குடி ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஒரு கம்பத்தைத் தள்ளி நட்டார்கள். சங்கிலி அங்கே ஒயரை வெட்டி மறுபடி ஒட்டிவிட்டு வந்திருந்தார். அதற்கும் முன்னால், ஆடி மாதம், இதே ஊரில் அவர் ஒயருக்குள் இருக்கும் இழைகளை நிறம் மாற்றி ஒட்டியதில் ஒன்றரை நாள் ஊரே நெட் இல்லாமல் கிடந்தது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் அழகுபாண்டி சொன்னார்: "இன்னொரு தடவை உன் ஜாயிண்டால லைன் போச்சுன்னா, நீ வேலைக்கே வர வேணாம்."

இப்போது அவர் பாண்டிமீனாவைப் பார்த்துக் கேட்டார். "என்னத்தா, பெட்டியா, லைனா?"

அவள் ஏற்கெனவே திரையில் இருந்தாள். பெட்டிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டு, இன்ன ஊருக்கு இன்ன வழி என்று பட்டியல் போட்டுக்கொள்ளும். அந்தப் பேச்சு நடக்கிறதா என்று பார்த்தாள். நடந்தது. ஒத்தக்கடைப் பெட்டிக்கு நேராக 'ஃபுல்', அதாவது பேச்சு முழுதாக நடக்கிறது என்று காட்டியது. பட்டியலைப் பார்த்தாள். கீழக்குயில்குடி இருந்தது, சரியான ஒயருக்கு நேராக இருந்தது. ஊர் முனையில் இருக்கும் கருவிக்கு ஒரு பிங் அனுப்பினாள். 'இருக்கியா' என்று கூப்பிட்டுப் பார்க்கிற சின்னக் கட்டளை அது. 'இருக்கேன்' என்று பதில் வந்தது.

எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஊருக்கு நெட் இல்லை.

கண்ணாடி இழைக்குள் போகும் வெளிச்சம் குறைந்துவிட்டால் சின்னச் செய்தி தப்பிப் பிழைத்துப் போய்விடும், பெரிய சுமை வந்தால் சிதறிவிடும், அப்படி நடப்பது உண்டு. அவளுக்கு அந்த எண்ணம் சட்டென்று வந்தது. அது வசதியான எண்ணம் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

"இங்கன எல்லாம் சரியா இருக்குண்ணே. லைன்லதான் ஏதோ இருக்கும்" என்றாள்.

வாசலில் நின்ற சங்கிலி அவளை ஒரு பார்வை பார்த்தார். பொரிப் பொட்டலத்தைச் சத்யப்ரியாவின் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பத்தின் மேலிருந்து போன் செய்தார். காற்று இரைந்தது.

"தங்கச்சி, மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். மைனஸ் பத்தொம்பது. நல்ல வெளிச்சம். ஜாயிண்டு கண்ணாடி மாதிரி இருக்கு."

"கனெக்டர்ல தூசி இருக்குமாண்ணே?"

"துடைச்சுட்டேன்."

"அப்ப ஒரு தடவை வெட்டி மறுபடி ஒட்டிப் பாருங்கண்ணே."

"நல்ல ஜாயிண்டை வெட்டச் சொல்ற. சரி, நீ சொல்ற, வெட்டுறேன்."

தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழையைக் கம்பத்தின் மேல், வெயிலில், ஒரு காலை ஏணியிலும் மறுகாலைக் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்திருக்கிறாள். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஒட்டி முடித்ததும் அவள் திரையில் அந்த ஒயர் மறுபடி உயிர் பெற்றது. பேச்சு 'ஃபுல்'. பட்டியல் சரி. பிங் சரி.

போன் அடிப்பது நிற்கவில்லை.

அவள் எஃப்.ஆர்.ஆரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். அதன் அமைப்புக் கோப்பை ஒவ்வொரு வரியாக நோட்டோடு ஒப்பிட்டாள். அதில் எதை மாற்றினாலும் சேமித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள், அதனால் ஒரு வரி கூடக் குறையவில்லை. ஒத்தக்கடைப் பெட்டிக்குள் போய்ப் பார்த்தாள். அங்கேயும் சரி. உள்ளங்கை வேர்த்து, விசைப்பலகை பிசுபிசுத்தது. காலையில் கையில் ஒட்டிய சந்தனம்.

ஒரு மணிக்கு அழகுபாண்டியின் பொறுமை போயிற்று. கீழக்குயில்குடிக்காரர்கள் அவருடைய சொந்த போனுக்கே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். லீவு நாள், எல்லாரும் வீட்டில். சங்கிலிக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னடா பண்ணிட்டிருக்க அம்புட்டு நேரமா?"

"அண்ணே, ரெண்டு தடவை ஒட்டிட்டேன். லைன் சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருந்தா ஏன்டா ஊரே என்னைத் திட்டுது? ஆடி மாசமும் சுத்தமாத்தான் இருக்குன்ன."

"அது வேறண்ணே. அது என் தப்பு, ஒத்துக்கிட்டேன். இது என் தப்பு இல்ல."

"ஒத்தக்கடை லைன்மேன் காளையை வரச் சொல்லிட்டேன். அவன் வந்து பாப்பான். நீ மெஷினைக் கொண்டாந்து ஆபீஸ்ல வச்சிட்டு வீட்டுக்குப் போ. நாளையில இருந்து வராத."

மறுமுனையில் ஏணி மடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிண்ணே. வாரேன்" என்றது சங்கிலியின் குரல்.

அழகுபாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாண்டிமீனாவுக்குச் சங்கிலியைப் பத்து வருடமாகத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "கம்ப்யூட்டர் டாக்டரம்மா வந்திருச்சு, இனி நமக்கெல்லாம் ஊசிதான்" என்று கேலி பேசியவர் அவர். இரண்டு பெண் பிள்ளைகள். வலது முழங்கால் சரியில்லை, ஆனாலும் ஏணியில் ஏறுவார். வேறு தொழில் தெரியாது. மதுரையில் கேபிள் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கம். ஜாயிண்ட் சரியில்லை என்று வேலையை விட்டு அனுப்பிய ஆளை இன்னொருவர் எடுக்க மாட்டார். கீழக்குயில்குடியில் இருந்து நாகமலை ரோட்டுக்கு வந்து, வாழைக்கன்று கட்டிய லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே காளவாசல் சேர அரை மணி நேரம் ஆகும். அந்த மெஷினை அவர் இந்த மேசையில் வைத்துவிட்டால் முடிந்தது.

அவரை அந்தக் கம்பத்தில் ஏற்றியது அவளுடைய ஒரு வாக்கியம்.

"அக்கா" என்றாள் சத்யப்ரியா, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "கீழக்குயில்குடியில இருந்து அந்தச் செல்லத்தாய் அக்காதான். மூணாவது தடவை கூப்பிடுறாங்க. எதுவுமே வரலையாம், நம்ம பில் கட்டுற பக்கம் மட்டும் ஜம்முனு வருதாம். காசு வாங்க மட்டும் நெட்டு இருக்கான்னு கேக்குறாங்க."

பாண்டிமீனா நிமிர்ந்தாள். "என்ன சொன்ன?"

"பில் பக்கம் மட்டும் வருதாம். காலையிலயே சொன்னேனேக்கா, நீங்கதான் கையைக் காட்டி இருன்னீங்க."

பில் கட்டும் பக்கம் இந்த அறையில், இதே அலமாரியில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்தது. படமும் எழுத்துமாக நல்ல கனமான பக்கம். வெளிச்சம் குறைந்த ஒயர் என்றால் அது பாதியிலேயே தொங்கியிருக்கும். அது ஜம்மென்று வருகிறது என்றால் கீழக்குயில்குடியில் இருந்து காளவாசல் வரை ஒயரில் ஒரு குறையும் இல்லை. சங்கிலி காலையில் இருந்து சொன்னது உண்மை. செல்லத்தாயும் காலையில் இருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் திரைக்குத் திரும்பினாள். பெட்டியிடம் 'எல்லாம் சரியா' என்று கேட்பதை நிறுத்தினாள். அதன் வழியாக உண்மையில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஒயர் ஒயராக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். அதற்கு லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. சாலை ஓரத்தில் நின்று ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் எழுதுவது போல, கடந்து போகும் ஒவ்வொரு துண்டுச் செய்தியையும் அது வரியாகக் காட்டும்.

செல்லத்தாயை லைனில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். கீழக்குயில்குடி ஒயரில் கோரிக்கை வந்தது. காளவாசலில் இருந்து வெளியே போகும் ஒயரில் அது போனது. பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்த ஒயரில் பதில் வரவில்லை. ஒத்தக்கடையில் இருந்து வரும் ஒயரைத் திறந்து பார்த்தாள். அங்கே இருந்தன பதில்கள். ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கீழக்குயில்குடி ஒயரை மறுபடி பார்த்தாள். அங்கே ஒன்றுகூட வெளியே போகவில்லை.

ஒத்தக்கடைப் பக்கத்தில் இருந்து உள்ளே நுழைகிறது. கீழக்குயில்குடிப் பக்கம் வெளியே வரவில்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு பொருள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு பச்சை விளக்கு மினுங்க ஓடிக்கொண்டிருக்கும் அவளுடைய பெட்டி. அது வாங்கி வாங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. போடுகிறேன் என்று எந்தப் பதிவும் எழுதவில்லை. எழுதச் சொல்லி அவள் கேட்டதும் இல்லை.

நோட்டை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. எடுத்தாள். ஐந்தாவது நோட்டு, போன தீபாவளிக்கு முந்தின வாரம். அடை மழை நாள். காளவாசலில் இருந்து வெளியே போகும் ஒயரில் நெரிசல் தாங்காமல், கீழக்குயில்குடிக்குத் திரும்பி வரும் பதில்களை மட்டும் ஒத்தக்கடையைச் சுற்றிவர வைத்தது அன்றுதான். ஒரு வழியாகப் போய் மறுவழியாகத் திரும்பும் ஏற்பாடு. இது எஃப்.ஆர்.ஆருக்குச் சம்மதம். ஆனால் எஃப்.ஆர்.ஆர். வழி சொல்லும் ஆள் மட்டும்தான். செய்தியைக் கையில் வாங்கிக் கடத்துவது அடியில் இருக்கும் லினக்ஸ். அதில் ஆர்.பி. ஃபில்டர் என்று ஒரு வாசல் காவல் உண்டு. 'இவனைத் தேடி நான் போவதென்றால் அந்த வாசல் வழியாகப் போவேன். இவன் ஏன் இந்த வாசல் வழியாக வருகிறான்? பொய்யாள்' என்று தூக்கி எறிந்துவிடும். அன்றைக்கும் இதேதான் நடந்தது. அன்றைக்கு அவள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, காவலைத் தளர்த்த ஒன்று என்ற எண்ணை இரண்டு என்று மாற்றினாள். நெட் வந்தது. அப்படி மாற்றியது பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் நிற்கும். அணைத்தால் மறந்துவிடும். மறக்காமல் இருக்கக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.

நோட்டின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'ஃபைலில் எழுதணும்.' பக்கத்தில் டிக் இல்லை.

திரையில் கேட்டாள், இப்போது என்ன எண் என்று. ஒன்று என்றது.

மணி ஒன்று இருபத்தைந்து. இனி ஒரே ஒரு கட்டளை. என்டர் தட்டினால் முந்நூறு வீட்டுக்கும் நெட் வந்துவிடும். கட்டளையை எழுதினாள். விரலை என்டர் மேல் வைத்தாள். வைத்த விரல் அப்படியே நின்றது.

இப்போது தட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழகுபாண்டி பின்கட்டில் இருந்து வந்து, 'பாத்தியா, ரெண்டாவது தடவை ஒட்டினதும் வந்திருச்சு, ஜாயிண்டுதான்' என்பார். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அவள் பெட்டி அணையாத பெட்டியாக, பிழையில்லாத பெட்டியாக இருக்கும். கம்பெனி ரௌட்டர் வாங்கலாம் என்று இரண்டு வருடமாக நச்சரிப்பவர்களிடம் அழகுபாண்டி, 'எங்க மீனா போட்டது ஒரு நாளும் நின்னதில்ல' என்று சொல்லிக்கொண்டிருப்பது தொடரும். சங்கிலி மெஷினை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

தட்டிவிட்டுப் பிறகு உண்மையைச் சொல்லலாம். ஆனால் நெட் வந்த பிறகு, 'தப்பு பெட்டியில் இருந்தது' என்றால் அழகுபாண்டி நம்புவாரா? 'நீ நல்ல பிள்ளை, அவன் பொழப்புக்காகப் பரிஞ்சு பேசுற' என்பார். அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சத்யா, கூப்பிடுறவங்ககிட்டப் பத்து நிமிசம்னு சொல்லு."

"நிசமாவாக்கா? கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஆமா."

"அப்பப் போட்டு விட வேண்டியதுதானே! செல்லத்தாய் அக்கா என்னைய நாற நாறத் திட்டுறாங்க."

"பத்து நிமிசம் திட்டு வாங்கு. சங்கிலியண்ணே வரட்டும்."

அந்தப் பத்து நிமிடம் பதினெட்டு நிமிடமாயிற்று. ஒவ்வொரு போன் மணிக்கும் அவள் என்டரைப் பார்த்தாள். முந்நூறு வீட்டைத் தெரிந்தே இருட்டில் வைத்திருக்கிறாள். இதுவும் ஒரு தப்புதான். எந்தத் தப்பு பெரிது என்று யோசிக்க யோசிக்கக் குழம்பியது. படியில் சங்கிலியின் காலடி கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மெஷினைத் தோளில் இருந்து கழற்றினார். அதன் மேல் காலையில் வைத்த குங்குமம் வேர்வையில் கரைந்திருந்தது.

"அதைக் கீழ வைக்காதீங்கண்ணே" என்றாள் பாண்டிமீனா. எழுந்து பின்கட்டுக் கதவைத் தட்டினாள். "அண்ணே, கொஞ்சம் வாங்க. ரெண்டு பேரும் இந்த ஸ்கிரீனைப் பாருங்க."

அழகுபாண்டி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "காளை வந்துட்டானா?"

"காளை வேணாம்ணே. சத்யா, செல்லத்தாய் அக்காவுக்குப் போட்டு ஸ்பீக்கர்ல வை."

செல்லத்தாய் எடுத்ததுமே ஆரம்பித்தார். "இந்தாத்தா, பத்து நிமிசம் பத்து நிமிசம்னு..."

"அக்கா, ஒரு பக்கம் திறங்க. வருதா?"

"எங்கிட்டு வரும்? சுத்திக்கிட்டே கிடக்கு."

பாண்டிமீனா என்டர் தட்டினாள். "இப்ப?"

ஒரு மூச்சு நேரம். "அடி ஆத்தி. வந்திருச்சு."

அழகுபாண்டி முகம் மலர்ந்தது. பாண்டிமீனா இரண்டை மறுபடி ஒன்றாக்கினாள். "இப்பக்கா?"

"ஏய், போயிருச்சு! என்னத்தா விளையாடுறியா?"

மறுபடி இரண்டு. வந்தது. அவள் அதோடு விட்டாள். போனை வைக்கச் சொன்னாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். "லைன்ல ஒண்ணும் இல்லண்ணே. சங்கிலியண்ணே ஜாயிண்டு நாலு நாளைக்கு முன்னாடியும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கும் நல்லா இருந்துச்சு. போன தீபாவளி அப்ப நான் இதுல ஒண்ணை மாத்திட்டு, நிரந்தரமா எழுதாம விட்டுட்டேன். பெட்டி அணையவே இல்ல, அதனால தெரியல. இன்னைக்கு அணைச்சோம். மறந்திருச்சு. தப்பு என்னோடது. லைன்லதான் ஏதோ இருக்கும்னு சொன்னதும் நான்தான்."

நோட்டைத் திறந்து டிக் இல்லாத இடத்தைக் காட்டினாள்.

அழகுபாண்டி நோட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இம்புட்டுக் கூத்துக்கும் ஒரு நம்பரா?" என்றார். அவர் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அறையைச் சுற்றியது. "ஊரெல்லாம் உன் பெட்டியப் பத்திப் பெருமையடிச்சிட்டிருந்தேனேத்தா. இவனை ஸ்பீக்கர்ல வச்சுப் பேசினேன். அந்த சத்யா கேட்டுச்சு."

"தெரியும்ணே."

"தெரியும்ங்குற." அவர் சங்கிலியின் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். "மெஷினைத் தோள்ல மாட்டுடா. காளைக்கு நான் போன் பண்ணிக்கிறேன்."

சங்கிலி மாட்டிக்கொள்ளவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு பாண்டிமீனாவைப் பார்த்தார்.

"நல்ல ஜாயிண்டை என் கையாலயே வெட்ட வச்ச."

"ஆமாண்ணே."

"வெட்டுறப்ப எப்பிடி இருந்துச்சு தெரியுமா? ஒருவேளை நம்மதான் தப்பாப் பண்ணிட்டமோன்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன்." அவர் மெஷினை இன்னொரு கைக்கு மாற்றினார். "உன் பெட்டின்னா சாமி, சந்தேகப்படக் கூடாது. நாங்கன்னா பூசணிக்காய், எப்ப வேணா போட்டு உடைக்கலாம். அப்பிடித்தானே?"

சத்யப்ரியா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, இப்ப எழுதிட்டியா நிரந்தரமா?" என்றார் சங்கிலி.

அவள் உட்கார்ந்து எழுதினாள். கோப்பில் ஒரு வரி. சேமித்தாள். நோட்டில் டிக் அடிக்கப் போனாள்.

"இரு, இரு. எழுதிட்டேன்னு நீ சொன்னா ஆச்சா? நான் ஜாயிண்டு சுத்தம்னு சொன்னப்ப நீ நம்பினியா?" அவர் பெட்டியைக் காட்டினார். "அணைச்சுப் போட்டுக் காட்டு."

"இப்பவா? மறுபடி எல்லா ஊரும் போகும்டா" என்றார் அழகுபாண்டி.

"அஞ்சு நிமிசம்தானேண்ணே. நான் கம்பத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னேன்."

பாண்டிமீனா நாற்காலியை விட்டு எழுந்து நகர்ந்து நின்றாள். "நீங்களே அணைங்கண்ணே" என்றாள்.

சங்கிலி குனிந்து, சந்தனம் பூசிய ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். விளக்குகள் அணைந்தன. மின்விசிறியின் சத்தம் அடங்கியது. அவர் இருபது வரை மனதுக்குள் எண்ணிவிட்டு மறுபடி அழுத்தினார். பெட்டி எழுந்தது, பேச்சு ஆரம்பித்தது, பட்டியல் நிரம்பியது. பாண்டிமீனா கேட்டாள், என்ன எண் என்று. திரை இரண்டு என்றது. அவர்கள் நால்வரும் சத்யப்ரியாவின் மேசை மேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிடம் பார்த்தார்கள். கீழக்குயில்குடியில் இருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

சங்கிலி மெஷினைத் தோளில் மாட்டினார். காலையில் மேசையில் வைத்துவிட்டுப் போன பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. மேடம் என்றார். அது அவளுக்கு அழகுபாண்டியின் திட்டைவிட வலித்தது. அவள் அந்த நாள் கணக்குத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாள். இப்போது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, விடியும் முன்பே வந்து, இரண்டு பெட்டியையும் ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டுப் பார்க்கிறாள். லைனில் கோளாறு என்று அவள் வாயால் சொல்வதற்கு முன், செய்தி தன் பெட்டிக்குள் நுழைந்து வெளியே போகிறதா என்று ஒயரில் பார்க்கிறாள். கார்த்திகை மாதம் ஒரு நாள் ஒத்தக்கடை லைன் அறுந்தபோது அப்படிப் பார்த்துவிட்டுத்தான் சங்கிலிக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பெட்டில இல்ல. பாத்துட்டேன். லாரி ஏதோ ஒயரை இழுத்திருக்கு."

"அணைச்சுப் போட்டுப் பாத்தியா?"

"ரெண்டு தடவை."

"சரி தங்கச்சி, வாரேன்" என்றார் அவர்.